மூன்று ஆணிகளில் தொங்கிய ஆஸ்பத்திரி

போன கிழமை ஃபர்ஹானா தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினாள். நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கண்டி நகரத்தை ஒட்டிய ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் உபகரணம் திருத்தும் பகுதி அது. வார்டுகளில் எந்த மெஷின் நின்றுபோனாலும் அங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

“அன்ட்டி, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லதானே வருது. வார்டுல இருந்து பதியக்கொள்ள சாதாரணமா, அவசரமா எண்டு ஒரு கேள்வி ஈக்கிது. எல்லாரும் அவசரம் எண்டுதான் போடுறாங்க. காலையில திறந்தா ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. நான் எத முதல்ல தொடுற?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. “நான் இங்க செத்துக்கொண்டு ஈக்கிறன், நீங்க சிரிக்கிறீங்க” என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்த அறை ஒருமுறை முழுக்கச் சிவப்பாகியிருந்தது. அந்தச் சிவப்பைக் கொண்டுவந்தவளே நான்தான். கதையைச் சொல்லி முடித்ததும் ஃபர்ஹானாவின் கோபம் போய்விட்டது. “இத எழுதித் தாங்க, எங்கட செக்‌ஷன்ல ஒட்டி வைக்கிறன்” என்றாள். ஒட்டுவதற்கு இது கொஞ்சம் நீளம். பரவாயில்லை, ஒட்டட்டும்.

நான் மடுல்கெல்ல தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவர். கண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி, கொழும்பில் பயிற்சி, பிறகு நேர்முகப் பரீட்சை. “இந்தப் பாரமெல்லாம் ஒரு பொம்பிளைப் பிள்ளை தூக்குவீங்களா?” என்று கேட்டார் ஒருவர். “தூக்குறதுக்கு ஆள் இருக்காங்க சேர். நான் திருத்தத்தான் வந்திருக்கேன்” என்றேன். வேலை கிடைத்தது. படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை. படிப்பு ஒரு பக்கம், ஆஸ்பத்திரி இன்னொரு பக்கம்.

எங்கள் பகுதி சலவைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரு நீள மேசை, இரண்டு கதிரை, கதவு ஒழுங்காக மூடாத ஓர் அலுமாரி, சுவரை ஒட்டி இரும்புத் தட்டுகள். ஆட்களும் இரண்டே பேர்தான். பொறுப்பாக நஸீர் சேர், அவருக்குக் கீழே நான்.

நஸீர் சேர் அக்குறணைக்காரர். எந்த மெஷின் வந்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். பிறகு கை கழுவுவார். அதற்குப் பிறகும் மெஷினைப் பார்க்க மாட்டார், அதைக் கொண்டுவந்த ஆளைத்தான் பார்ப்பார். “கடைசியா இதத் தொட்டது யாரு? தொட்டு என்ன செஞ்சாங்க?” இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வராமல் ஸ்குரூ டிரைவரை எடுக்கவே மாட்டார். கொண்டுவந்தவர் முழித்தால், திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு இது வீண் வேலையாகத்தான் தெரிந்தது. போகப் போகத்தான் புரிந்தது, வருகிறவற்றில் பாதி பழுதே இல்லை. யாரோ மெஷினைத் துடைக்கும்போது ஒரு பொத்தானைத் திருப்பிவிட்டிருப்பார்கள், அல்லது பிளக் முழுதாக உள்ளே போயிருக்காது.

கழற்றுகிற ஸ்குரூக்களை ஒரு சவர்க்காரப் பெட்டி மூடியில் வட்டமாக, கழற்றிய வரிசையிலேயே வைப்பார். மாட்டும்போது அதே வட்டத்தில் திரும்பி வருவார். அந்த மூடியை யாராவது தட்டிவிட்டால் தொலைந்தோம்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, மரியாதை கூடும். சாதாரண நாட்களில் நான் “புள்ள”. “நீங்க என்ன செஞ்சீக்கிறீங்க?” என்று ஆரம்பித்தாரென்றால் எங்கேயோ பிழைத்துவிட்டது. “சரோஜா மிஸ்” என்று கூப்பிட்டால், நான் பேசாமல் கண்டீனுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவதுதான் உத்தமம்.

தலைக்கு மேல் வேலை என்று பேச்சுக்குச் சொல்வார்கள். எங்களுக்கு நிஜமாகவே தலைக்கு மேல்தான் இருந்தது. மேல்தட்டில் இருந்த சளி உறிஞ்சும் மெஷின் ஒன்று ஒருநாள் என் தோளில் இறங்கப் பார்த்தது. பிரஷர் பார்க்கும் கருவி, நெபுலைசர், சேலைன் பம்ப், ஆப்பரேஷன் தியேட்டர் விளக்கு என்று எல்லாம் ஒரே வாசலால் வரும். யார் வாசலில் நின்று அதிகமாகக் கத்துகிறாரோ அவருடையது மேசைக்கு ஏறும். கத்தத் தெரியாத வார்டின் மெஷின் தூசி பிடிக்கும். ஒன்றைக் கழற்றிப் போட்டிருக்கும்போதே இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். பின்னேரம் பார்த்தால் ஏழெட்டு மெஷின் குடல் வெளியே கிடக்கும், ஒன்றாவது முடிந்திருக்காது. வீட்டில் சோறு பிசையும்போதும் எந்த ஸ்குரூ எதனுடையது என்று மனசு தேடும்.

என் தங்கச்சி கட்டுகஸ்தோட்டையில் தையல் கடை வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாண மாதம். சட்டைத் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது, அவளோ பாட்டுக் கேட்டுக்கொண்டு தைக்கிறாள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

“இவ்வளவுல எத முதல்ல தைக்கணும்னு எப்படித் தெரியுது உனக்கு?”

“சிவப்புத் துண்டு குத்தியிருக்கில்ல, அதெல்லாம் நாளைக்கு உடுத்துறவங்களோடது. மத்தவங்க சும்மா வந்து வந்து கேட்டுக்கிட்டுப் போவாங்க. கேக்கட்டும்.”

அன்று அவள் வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் மேசைக்கு மேலே சுவரில் மூன்று ஆணி அடித்தேன்.

என் ஏற்பாடு இவ்வளவுதான். நோயாளி ஒருவர் இப்போதே காத்திருக்கிறார் என்றால் அந்த மெஷினுக்குச் சிவப்பு. ஒரு சிவப்புத் துணியை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை மெஷினில் கட்டி, மறு பாதியை ஆணியில் மாட்டுவேன். திருத்தி முடித்தால் இரண்டையும் கழற்றிவிடுவேன். ஆணி மூன்றும் நிறைந்திருந்தால் நான்காவது சிவப்புக்கு இடமில்லை. ஒன்று வெளியே போனால்தான் ஒன்று உள்ளே வரலாம். உதிரிப்பாகம் கொழும்பில் இருந்து வரவேண்டியவற்றுக்கு மஞ்சள். மஞ்சள் கட்டியதைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, பாகம் வரும்வரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். திருத்தி முடித்ததற்குப் பச்சை. அது வாசல் பக்கம் போய்விடும். துணி இல்லாதவை வந்த வரிசையில் மேல்தட்டில் இருக்கும், சிவப்பு முடிந்ததும் ஒவ்வொன்றாக இறங்கும்.

நஸீர் சேர் பார்த்துவிட்டு, “என்னத்தப் புள்ள இது, நேர்ச்சை மரமா? எல்லாத்துலயும் துணியக் கட்டிப் போட்டீக்கிறாய்” என்றார். ஆனால் இரண்டாவது கிழமையே பகல் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டார். அதுவரை அவர் ஒரு கையில் சோற்றுப் பார்சலும் மறு கையில் சோல்டரிங் கோலுமாக நின்றுகொண்டே சாப்பிட்டுத்தான் நான் பார்த்திருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, “மூணு ஆணி போதுமா?” என்று கேட்டார். போதும் சேர் என்றேன். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ஆணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே பஸ் ஏறப் போனேன்.

அந்தப் பெருமைக்கு ஆயுள் குறைவு. ஆண்கள் சத்திரசிகிச்சை வார்டில் பியசேன என்று ஒரு சிற்றூழியர் இருந்தார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, என்னை “நங்கி”, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார். அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் “ஹதிசி”, அதாவது அவசரம். சிவப்புக் கட்டியது முதலில் ஏறுகிறது என்பதை ஆஸ்பத்திரியிலேயே முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த மெஷினில் ஏற்கெனவே சிவப்புத் துணி கட்டியிருந்தது.

“இத யார் கட்டினது?”

“நங்கிதானே கட்டினது. நேத்து. மறந்தது போல.”

நான் உண்மையிலேயே யோசித்தேன். தங்கச்சி கடைத் துணியில் குங்குமச் சிவப்பு, செங்கல் சிவப்பு, அரக்கு என்று எல்லாம் இருந்ததால் எது என்னுடையது என்று எனக்கே நிச்சயமில்லை. முடிச்சை அவிழ்க்கக் கை வைத்தேன். கை முழுக்கச் சிவப்பு. புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தில் பண்டேஜைத் தோய்த்து, காயவும் விடாமல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அது என் சேலையிலும் பட்டு, அந்த வழியாகப் போன ஒரு டொக்டர் உள்ளே ஓடி வந்து, “எங்கே வெட்டியது? கையை மேலே தூக்குங்க” என்றார். பியசேன ஓடிவிட்டார்.

பிறகு எல்லா வார்டுக்கும் இந்த வித்தை பரவிவிட்டது. சிவப்புப் பண்டேஜ், சிவப்பு நூல், சிவப்பு ரிப்பன், யாரோ பிள்ளையின் பள்ளிக்கூட டை. ஒருநாள் காலை வந்து பார்த்தால் சுவரில் நான்காவது ஆணி ஒன்று அடித்திருந்தது. அதில் சிவப்புத் துணியும் தொங்கியது.

நஸீர் சேர் கடிகாரத்தைக் கழற்றாமலே பியசேனவைக் கூப்பிட்டு அனுப்பினார். “பியசேன மஹத்தயா, தயவுசெய்து இப்படி அமருங்கள்” என்று மணி மணியான சிங்களத்தில் ஆரம்பித்தார். ஐயா என்று பொருள்படும் அந்த மஹத்தயாவைக் கேட்டதுமே பியசேனவின் முகம் வெளுத்தது. அமரச் சொன்ன கதிரையில் உட்காராமல் சுவரில் இருந்த ஆணியைக் கையாலேயே பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவு கூத்துக்கு நடுவில், ஒருமுறைகூடச் சிவப்பு கேட்காத ஒருவர் இருந்தார். குறைமாதப் பிள்ளைகள் வார்டின் தாதி, யோகராணி மிஸி. யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்தவர். நேரான நடை, சின்னக் குரல். ஒரு மெஷின் கொண்டுவந்தால் நஸீர் சேர் கேட்க முன்னமே, கடைசியாக யார் தொட்டது, என்ன செய்தது என்று சொல்லிவிடுவார். அதனால் சேருக்கு அவர்மேல் தனி மதிப்பு.

தலதா மாளிகையின் யானை ஊர்வலமான எசல பெரஹராவுக்குக் கொஞ்ச நாள் முன்னர், பிறந்த பிள்ளையைக் கிடத்தும் சூட்டுக் கட்டில் ஒன்றை அவர் கீழே அனுப்பி, கூடவே தானும் வந்தார். கட்டிலுக்கு மேலே சூடேற்றும் கம்பி இருக்கும். பிள்ளையின் தோலில் ஒட்டும் சிறிய உணரி ஒன்று, உடம்புச் சூட்டைப் பார்த்து அந்தக் கம்பிக்குச் சொல்லும். இந்தக் கட்டில் சூடேறாமல் கத்திக்கொண்டே இருந்தது.

“மிஸி, சிவப்புக் கட்டவா?”

“இல்லை. எங்களிட்ட இன்னொண்டு கிடக்கு, அது நல்லா வேலை செய்யுது. நீங்கள் ஆறுதலாச் செய்யுங்கோ.”

இன்னொன்று இருக்கிறது, ஆகவே நோயாளி காத்திருக்கவில்லை, ஆகவே சிவப்பு இல்லை. அவர் என் விதியை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அன்று சேர் வெளியே போயிருந்ததால் அவருடைய இரண்டு கேள்வியும் தப்பிப்போயின. கட்டிலைச் சுவரோரம் நிறுத்தினேன். அதற்கு முன்னால் சிவப்புகள் வந்து நின்றுகொண்டே இருந்தன.

பெரஹரா நாட்களில் கண்டி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலிலேயே தெருவை மூடிவிடுவார்கள், நடைபாதையில் பாய் விரித்துச் சனம் இடம் பிடித்திருக்கும். கடைசிப் பெரஹரா அன்று காலை எங்கள் வாசலில் அத்தனை வார்டுச் சிற்றூழியர்களும் வரிசையாக நின்றார்கள். எல்லார் கையிலும் மெஷின், எல்லா மெஷினிலும் சிவப்பு. வேளைக்கு வேலையை முடித்துப் பெரஹராவுக்கு இடம் பிடிக்கப் போக வேண்டும். அவ்வளவுதான் அன்றைய ஹதிசி. வரிசையில் முதல் ஆள் பியசேன.

மதியம் திரும்பியதும் யோகராணி மிஸி வந்தார். அவர் ஓடி வந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

“சரோஜா, மற்றதும் நிண்டுட்டுது.”

அன்று விடியற்காலை ஆப்பரேஷன் செய்து எடுத்த ஒரு பெண் பிள்ளை மேலே இருந்தது. மாதம் நிறையாத பிள்ளை, உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. தன் சூட்டைத் தானே பிடித்து வைத்திருக்க அந்த உடம்புக்கு இன்னும் தெரியாது. தாய் ஆப்பரேஷன் மயக்கத்தில் காய்ச்சலோடு வேறு வார்டில் கிடந்தாள். பேராதனை ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். கட்டில் தரலாம், ஆனால் நகரத்தைக் கடந்து வர வேனுக்கு வழியில்லை என்றார்கள். பிள்ளையைக் கொண்டுபோவது இன்னும் ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

“இப்ப பிள்ளை எங்க மிஸி?”

“தகப்பன்ர நெஞ்சில. சட்டையைக் கழட்டச் சொல்லி, நெஞ்சோட வைச்சுப் போர்த்திவிட்டிருக்கிறம். அந்தச் சூடு போதுமோ தெரியேல்லை. இறங்கிக்கொண்டு வருது.”

நான் எழுந்து மூன்று ஆணியில் இருந்த துணிகளையும் ஒரே இழுப்பில் பிடுங்கினேன். மேசையில் இருந்த மெஷின்களைத் தரையில் இறக்கினேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பியசேன மட்டும் மிஸியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரக் கட்டிலைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்து மேசைக்கு முன் நிறுத்தினார்.

நஸீர் சேர் கடிகாரத்தைக் கழற்றினார். கை கழுவினார். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த நேரத்திலுமா என்று நினைத்தேன். அவர் மிஸியிடம், “கடைசியாத் தொட்டது யாரு?” என்றார்.

“நான்தான் சேர். உணரி வயரைச் சுத்தி வைச்சனான். ஒவ்வொரு நாளும் பிள்ளையை எடுத்த பிறகு இறுக்கிச் சுத்தி வைக்கிறது.”

“இறுக்கியா?”

“ஓம். தொங்கினால் கால் தடக்கும் எண்டு.”

சேர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. ஒரே இடத்தில் மடித்து மடித்து, ரப்பருக்குள்ளே வயர் அறுந்திருக்கிறது. சூட்டுக் கம்பியில் பழுதில்லை. கேள்வி கேட்காமல் கழற்றியிருந்தால் அந்தப் பின்னேரம் முழுக்கக் கம்பியோடுதான் மல்லுக்கட்டியிருப்போம்.

மேலே இன்றைக்கு நின்றுபோன கட்டிலின் உணரியைக் கழற்றி இதில் போடலாமே என்றேன். பிளக்கை மாற்றினால் முடிந்துவிடும்.

“வேணாம் புள்ள. ரெண்டும் வேற வேற கம்பனி. அந்த உணரி சொல்ற சூடு இதுக்கு வேற சூடாத் தெரியும். பொய் சொல்ற மெஷின விட நின்ட மெஷின் நல்லம்.”

அறுந்த இடத்தைத் தேடினோம். சேர் மீட்டரின் ஊசியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வயரைச் சாண் சாணாகக் கையில் எடுத்து, விரலால் மெதுவாக வளைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிளக்குக்குக் கிட்டே வந்து ஒரு வளைவு கொடுத்தபோது ஊசி துடித்து விழுந்தது. “அதுதான்” என்றார். அந்தத் துண்டை வெட்டி எறிந்து, ரப்பரை உரித்தேன். உள்ளே இருந்த கம்பிகள் தலைமயிரைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. சேருக்கு அப்போதே கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. “உன்ட கண்ணுதான் இதுக்கு” என்று சோல்டரிங் கோலை என்னிடம் தந்தார். பியசேன ஒன்றும் கேட்காமல் மேசை விளக்கைத் தூக்கி என் கைக்கு நேராகப் பிடித்தார். அவ்வளவு பெரிய கையில் அந்த விளக்கு அசையவே இல்லை. ஒவ்வொரு கம்பியாக ஒட்டினேன், தனித்தனியாக உறை போட்டேன், மேலே ஓர் உறை. பிளக்கைக் குத்தியதும் கட்டில் கத்தவில்லை. தலைக்கு மேல் கம்பி மெல்லச் சிவந்தது. அன்றைக்குக் கண்ட சிவப்பிலே பொய்யில்லாத சிவப்பு அது ஒன்றுதான்.

வாசலில் நின்றவர்கள் உடனே தூக்கப் போனார்கள். நஸீர் சேர் கையைக் குறுக்கே வைத்தார்.

“இன்னும் இல்ல. சூடேறி, நிண்டு, திரும்ப ஏறுறதப் பாக்கணும்.”

யாரோ, “சேர், பிள்ளை அங்க” என்று இழுத்தார். எனக்கும் அதேதான் வாயில் இருந்தது. மிஸிதான் சொன்னார்: “பார்த்துத் தாங்கோ சேர். பிள்ளையைக் கிடத்தின பிறகு மெஷினைச் சோதிச்சுக்கொண்டிருக்கேலாது.” மெத்தையில் வெப்பமானி ஒன்றை வைத்து, பக்கத்தில் உணரியையும் வைத்து, எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். சூடு ஏறியது. குறித்த அளவில் கம்பி தானாக அணைந்தது. கொஞ்சம் இறங்கியதும் தானாகப் பற்றியது. வெப்பமானியும் கட்டிலும் ஒரே எண்ணைச் சொன்னன. மறுபடியும் ஒருமுறை அணைந்து பற்றும்வரை சேர் விடவில்லை. நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு எண்ணை முறைத்துப் பார்த்ததில்லை.

லிஃப்ட் அன்றைக்கு நின்றிருந்தது. வரிசையில் நின்றவர்களே கட்டிலைப் படியால் தூக்கினார்கள். முன்னால் பியசேன, பெரஹரா யானை போல அடி பார்த்து அடி வைத்து, குலுங்காமல் ஏறினார். மேலே பிள்ளையின் தகப்பன் கதிரையில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். நாவலப்பிட்டியில் லொறி ஓட்டும் இளைஞன். மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் அத்தனை நேரமும் அசையாமல் இருந்திருக்கிறான். மிஸி பிள்ளையை அவன் நெஞ்சில் இருந்து எடுத்துக் கட்டிலில் கிடத்தினார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து மிஸி எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நஸீர் சேர் சட்டைப்பையில் இருந்து கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டினார். நான் சுவரில் சாய்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அன்று யாருக்கும் பெரஹராவுக்கு நல்ல இடம் கிடைக்கவில்லை. பியசேன மாத்திரம் தன் உயரத்தால் யானையின் முதுகைக் கண்டதாகச் சொன்னார்.

மறுநாள் நானும் சேரும் உட்கார்ந்து பேசினோம். கத்துகிறவர் முதலில் வராமல் இருக்கத்தான் துணி கட்டினேன். துணி வந்த பிறகு துணியால் கத்தினார்கள். கத்தாத மிஸியின் கட்டில் பழையபடி பின்னாலேயே நின்றது. உடைந்தது எது என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதை முடியாது. அன்றிலிருந்து கேள்வியை மாற்றினோம். வாசலில் யார் வந்தாலும் சேரின் இரண்டு கேள்விக்கு முன்னால் என்னுடைய ஒரு கேள்வி: “வார்டில வேலை செய்றது எத்தனை மிச்சம்?” ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்றால், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவசரமில்லை என்று சத்தியம் செய்தாலும், சிவப்பு. நான்கு மிச்சமிருந்தால் பெரிய டொக்டரே வந்து நின்றாலும் மேல்தட்டு. அவர்கள் சொல்வதை நம்பிக்கொண்டும் இருக்கவில்லை. தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு நடை வார்டுகளைச் சுற்றி வருவேன். உடைந்ததைப் பார்க்க மாட்டேன், ஓடிக்கொண்டிருப்பதைத்தான் பார்ப்பேன். இறுக்கிச் சுற்றிய வயரைக் கண்டால் அவிழ்த்து, தளர்வாகச் சுற்றிக் காட்டுவேன்.

ஓரிரு மாதத்தில் மேல்தட்டில் சுவர் தெரிய ஆரம்பித்தது. ஓய்வு பெறும்வரை நான் நாலாவது ஆணி அடிக்கவில்லை. ஃபர்ஹானாவுக்கும் இதைத்தான் சொன்னேன், அந்தக் கம்ப்யூட்டரில் அவசரமா என்று கேட்கும் இடத்தை எடுத்துவிட்டு, எத்தனை மிச்சம் என்று கேட்கச் சொல்லு என்று. செய்து தரக்கூடிய ஆளைத் தேடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பியசேனவும் திருந்தினார், அவர் பாணியில். ஒருநாள் நெபுலைசர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் வாய் திறக்க முன்னமே, “நங்கி, வார்டில அஞ்சு மிச்சம். இது ஹதிசியே இல்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா மேட்ரன் கேட்டா ஹதிசி எண்டு சொல்லுங்க” என்றார்.

அந்தப் பிள்ளை வார்டில் நெடுநாள் இருந்தது. நான் காலை நடையில் கண்ணாடிக்கு வெளியே நின்று கட்டிலைப் பார்ப்பேன், வயரைப் பார்ப்பேன், எண்ணைப் பார்ப்பேன். உள்ளே போக எனக்கு அனுமதியில்லை. பிள்ளை கட்டிலை நிறைத்துக்கொண்டு வருவது மட்டும் தெரியும்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று தகப்பனும் தாயும் சலவைக் கட்டடத்தைச் சுற்றி வழி கேட்டுக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். தாயை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெளிறிய முகம், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் துணிப் பொட்டலமாகப் பிள்ளை. நான் எழுந்து, கிறீஸ் பட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

“மிஸிதான் சொன்னாங்க, நீங்கதான் செஞ்சீங்கன்னு” என்றாள் தாய்.

“நான் மட்டும் இல்லம்மா. சேர் இருக்காரு, பியசேன இருக்காரு.”

“எல்லாத்தையும் மீட்டர் வெச்சுத்தான் பாப்பீங்களாமே” என்று தகப்பன் சிரித்தான். பொட்டலத்தின் ஒரு மூலையை விலக்கினான். “கையால பாருங்கக்கா, சூடு சரியா இருக்கான்னு.”

என் உள்ளங்கையில் ஒரு கால் வந்து இருந்தது. கட்டைவிரல் அளவுப் பாதம். சேரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

“எப்படிப் புள்ள?” என்றார்.

“சரியா இருக்கு சேர்” என்றேன். அந்தக் காலைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை.